விருந்தாளித் தண்ணீர்

மூன்றாவது முறை துவைத்தும் விரிப்பு பழுப்பாகவே வந்தது. அக்கா அதை இரண்டு கைகளாலும் உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள். பால் விடாத தேநீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

"இது பிரசவ வார்டுக்குப் போற விரிப்பு. பிறக்கிற குழந்தை கண்ணைத் திறந்ததும் பார்க்கிறது இதைத்தான். பார்த்துட்டுத் திரும்ப உள்ள போயிடும்."

இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்த அவள் கணவர் தலை நிமிரவில்லை. "போனா நல்லதுதான். விரிப்பே தேவைப்படாது," என்றார். அவர் சிரிக்காமல் பேசுவார். சிரிப்பது எதிரில் இருப்பவர்களின் வேலை.

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு இயந்திரங்கள், ஒரு மேசை, கொல்லையில் ஒரு கிணறு: அவ்வளவுதான் அந்தச் சலவைக் கடை. கிணற்றுக்கு அப்பால் இருபதடி தூரத்தில் வாய்க்கால் ஓடியது. ஆறு மாதமாக வாய்க்கால் கறுப்பாகிக்கொண்டே வந்தது. இப்போது கிணற்றுக்குள்ளும் அந்த நிறம் இறங்கிவிட்டது. முந்தின நாள் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் நேரில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமைக்குள் அறுபது விரிப்புகளும் வெள்ளையாக வர வேண்டும், இல்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்றார். கடைக்கு வரும் துணியில் பாதி அந்த மருத்துவமனையுடையது. அது போனால் ஒரு இயந்திரம் நிற்கும். பிறகு இரண்டாவதும் நிற்கும்.

மாடியறையிலிருந்து இறங்கி வந்த தம்பி, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். எரிசாராய ஆலையில் அவன் கெமிஸ்ட்.

"ஏண்டா, நீ படிச்சவன்தானே? இந்தக் கறைக்கு என்ன மருந்துன்னு சொல்லு."

"பார்க்கலாம்க்கா."

"மூணு வாரமா பார்த்துக்கிட்டேதான் இருக்கே. கண்ணு வலிக்கலையா?"

அவன் ஷூ கயிற்றைத் தேவைக்கு அதிகமான நேரம் கட்டினான். அந்தக் கறை என்னவென்று அவனுக்குத் தெரியும். நேற்றுப் பகல்கூட அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி அளந்திருந்தான்.

ஆலை, வாய்க்காலின் மேல்பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கரும்புப் பாகைப் புளிக்கவைத்து எரிசாராயத்தை வடித்துவிட்டால் அடியில் ஒரு கறுப்பு நீர் மிஞ்சும். ஆலையில் அதற்குக் கஷாயம் என்று பெயர். முதலில் அதை மூடிய தொட்டிக்குள் விடுவார்கள். அங்கே கிருமிகள் அதைத் தின்னும். வயிறாரத் தின்றுவிட்டு நிறத்தை மட்டும் தொடாமல் வைத்துவிடும்.

அந்த நிறத்தை எடுப்பதற்காகவே கடைசியில் இரண்டு தொட்டிகள் கட்டியிருந்தார்கள். முதல் தொட்டியில் இரும்பு உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கினால், கரைந்து கிடக்கும் அழுக்கு திரிந்த பாலைப்போல் திரண்டு கீழே படியும். அதிலும் படியாமல் தப்பியது இரண்டாவது தொட்டிக்குப் போகும். அங்கே கொஞ்சம் அமிலம், அன்னபேதி என்கிற பச்சை உப்பு, பிறகு பெராக்சைடு. நெருப்பே இல்லாமல் நிறத்தை எரிக்கிற வேலை அது. எரிந்து முடிந்ததும் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, தெளியவிட்டு, வெளியே விடலாம்.

இதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நடப்பு வேறு. ஆறு மாதத்துக்கு முன்பு மேனேஜர் மருந்து வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். தொட்டிகளில் துடுப்புகள் மட்டும் சுற்றின. கஷாயம் உள்ளே வந்தது, இரண்டு தொட்டியிலும் உலாவியது, வந்த நிறத்திலேயே வாய்க்காலுக்குப் போனது.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் இது மாறும். அன்று மாசுத் துறை அதிகாரி வருவார். அதற்கு முந்தின நாள் கெமிஸ்ட்டும் பம்பு ஆபரேட்டரும் ஒரே ஒரு ட்ரம், இருநூறு லிட்டர், முழு மருந்து போட்டு முழு நேரம் வைத்துத் தெளியவைப்பார்கள். அந்த ட்ரம் சுவருக்குப் பின்னால் ஒரு மேடையில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய், மாதிரி எடுக்கும் பைப்புக்குப் போகும். அதிகாரி பைப்பைத் திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரும். சீசாவில் பிடித்து, முத்திரை வைத்து, எடுத்துப் போவார்.

அதற்கு விருந்தாளித் தண்ணீர் என்று பெயர் வைத்தவர் பம்பு ஆபரேட்டர்தான். அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் பொன்மீசை. ஒருமுறை பெராக்சைடு கேனைத் திறக்கும்போது முகத்தில் தெறித்து, இடது பக்க மீசை மட்டும் பொன்னிறமாகிவிட்டது. வலது பக்கம் கறுப்பாகவே நின்றது. அவர் மழிக்கவில்லை. "இந்தப் பக்கம் உள்நாடு, அந்தப் பக்கம் வெளிநாடு," என்று தடவிக்கொள்வார்.

அன்று மாலை கெமிஸ்ட் ஒரு சின்ன கேனில் பெராக்சைடும், ஒரு பையில் படிகாரமும் எடுத்து வைத்ததைப் பொன்மீசை பார்த்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க, மருந்துக்கடை வைக்கவா?"

"அக்கா கடைக்கு. கிணத்துத் தண்ணி பழுப்பா வருது."

பொன்மீசை கேனையும் பார்த்தார், கெமிஸ்ட்டையும் பார்த்தார். "இங்க தொட்டியில போட வேண்டியதை அங்க வாளியில போடப் போறீங்க. ம். போடுங்க. எங்கயாவது போட்டாச் சரி."

கெமிஸ்ட் கேனின் மூடியை இறுக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

வீட்டில் இஸ்திரி மேசையின்மேல் ஆறு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தான். எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீர். படிகாரத்தைக் கரைத்து முதல் டம்ளரில் ஒரு ஸ்பூன், அடுத்ததில் இரண்டு என்று ஆறுவரை ஊற்றினான். முதலில் வேகமாகக் கலக்கினான், பிறகு மெதுவாக. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்ப என்ன?" என்றாள் அக்கா.

"இப்ப ஒண்ணும் பண்ணக்கூடாது. காத்திருக்கணும்."

"உன் மாமாவுக்குப் பிடிச்ச வேலை."

அவள் கணவர் குனிந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாலாவதுதான் ஜெயிக்கும். அதுல ஒரு தெம்பு தெரியுது."

கால் மணி நேரத்தில் நாலாவது டம்ளரில் பஞ்சுப் பஞ்சாக ஏதோ திரண்டு இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்தது. ஐந்திலும் ஆறிலும் மருந்து அதிகமாகி மறுபடி கலங்கிவிட்டது. மாமா தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

அந்தக் கணக்கில் ஒரு ட்ரம் தண்ணீரைத் தெளியவைத்தார்கள். தெளிந்த நீரில் அளவாகப் பெராக்சைடு விட்டு விரிப்பை ஊறப்போட்டார்கள். எடுத்தபோது வெள்ளையாக இருந்தது. அக்கா அதைக் கொடியில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். மறுபடி பக்கத்தில் வந்து பார்த்தாள். பிறகு தம்பிக்குத் தட்டு நிறையச் சாப்பாடு போட்டாள்.

"இவ்வளவு கச்சிதமா எங்கடா கத்துக்கிட்டே?"

"காலேஜ்லக்கா."

"நல்ல காலேஜ். சரி, இந்த அழுக்கை எவனோ ஒருத்தன்தானே வாய்க்கால்ல விடறான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா என்ன பண்ணுவே?" என்றார் மாமா.

"ட்ரம்ல உக்கார வெச்சு நாலாவது டம்ளர் கணக்குல படிகாரம் போடுவேன். அவனும் அடியில படியட்டும்."

தம்பிக்குப் புரையேறியது. அக்காவே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அது தெளியவைத்த தண்ணீர் இல்லை, கடையில் வாங்கிய கேன் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்குக் கிணற்றை அவர்கள் கைவிட்டு வெகுநாளாகியிருந்தது.

ஒரு ட்ரம் தெளிய அரை நாள் ஆனது. அடியில் படிந்த சேற்றை வழித்தெடுக்க இன்னும் ஒரு மணி நேரம். அக்கா விடியுமுன் எழுந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இருபது விரிப்புகள்தான் தேறின. தலைமை நர்ஸ் இருபதையும் விரித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மீதி நாற்பதுக்குப் புதன்கிழமை காலைவரை தவணை கொடுத்தார். அதற்குமேல் முடியாது, வார்டில் மாற்று விரிப்பு இல்லை என்றார். அந்த இருபதோடு கேனில் இருந்த பெராக்சைடு தீர்ந்திருந்தது, ஆலையிலிருந்து இன்னொரு கேன் எடுக்கத் தம்பிக்கு வழி கிடைக்கவில்லை; அக்கா தெளிந்த தண்ணீரை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆலைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. புதிய அதிகாரி. பழையவரைப்போல் பைப்பைத் திறந்து மூடிவிட்டுப் போகிறவர் இல்லை, வாசனைகூடப் பார்ப்பார் என்று பேச்சு. மேனேஜர் இரண்டு முறை கீழே வந்து ட்ரம்மை எட்டிப் பார்த்தார். அவர் பதற்றம் பொன்மீசைக்கும் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கெமிஸ்ட் வருவதற்கு முன்பே, தெளிந்து நின்ற தண்ணீரில் இரண்டு பெரிய குவளை பெராக்சைடு கூடுதலாக ஊற்றிவிட்டார். புது விருந்தாளிக்கு ஒரு கை தாராளமாக இருக்கட்டுமே என்று நினைத்தார்.

ஆலையின் வெள்ளைக் கோட்டுகளையும் அக்கா கடையில்தான் துவைத்தார்கள். மாமாதான் கொண்டுவந்து கொடுப்பார். அன்று அவருக்கு இடுப்புப் பிடிப்பு. வண்டியை ஓட்டுவேன், இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அக்காவே உள்ளே வந்தாள். ஆய்வகத்துக்கு வழி தெரியாமல் சுவருக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

அங்கே மேடைமேல் ஒரு ட்ரம். பக்கத்தில் ஆறு கண்ணாடிக் குவளைகள் வரிசையாக. அடியில் பஞ்சுபோல் படிவு. ட்ரம்முக்குள் கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"இது நாலாவது டம்ளர் கணக்கு மாதிரி இருக்கே," என்றாள்.

பொன்மீசை அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார். "விருந்தாளித் தண்ணிம்மா. ஆபீசருக்காகச் செஞ்சது. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அப்ப தினமும் வெளிய போற தண்ணி?"

"அது அங்க போகுது பாருங்க," என்று சுவருக்குக் கீழே கையைக் காட்டினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அந்த நிறத்தை யாரும் அவளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வாரமாக அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மீசை தன் மீசையின் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்நாட்டிலேயே நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் கெமிஸ்ட் வந்தான். அக்காவையும் ட்ரம்மையும் ஒன்றாகப் பார்த்தான். நின்றுவிட்டான்.

அக்கா மூட்டையைப் பிரித்து ஒரு கோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "உன்னுது. நல்லா வெள்ளையா இருக்கு. நீ கொண்டு வந்த மருந்துலதான் வெளுத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் போய் மேனேஜர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில், மீதிக் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டு எண்ணிக்கைக்கு மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். தோளில் பை, காலில் சேறு படிந்த ஷூ. பைப்பைத் திறந்து சீசாவில் பிடித்தார். தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மூடியை இறுக்கி முத்திரை வைத்தார். மேனேஜர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போய்த் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார். சீசா மேசைமேல் இருந்தது. கோட்டு போட்டுக்கொண்டு கெமிஸ்ட் ஓரமாக நின்றான்.

"எங்க தண்ணியில முகம் பார்த்துத் தலை சீவலாம் மேடம்," என்றார் மேனேஜர்.

அதிகாரி சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உள்பக்கம் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் சீசாவின் வயிறு மெல்லப் புடைத்தது. மேனேஜர் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனபோது மூடி டப்பென்று தெறித்துக் கூரையில் மோதி, அவர் கோப்பைக்குள் விழுந்தது.

வெளியே மாமா வண்டியில் ஹாரன் அடித்தார். ஏதோ சத்தம் கேட்டதே, நலமா என்று ஹாரனிலேயே கேட்பது அவர் வழக்கம்.

"சோடாவும் தயாரிக்கிறீங்களா?" என்றார் அதிகாரி.

"புது மெஷின் மேடம். காத்து கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் மேனேஜர்.

அதிகாரி கெமிஸ்ட் பக்கம் திரும்பினார். "இது பெராக்சைடு. தண்ணியில வேலை முடிஞ்சும் இவ்வளவு மிச்சம் நிக்குதுன்னா யாரோ இப்பத்தான் ஊத்தியிருக்காங்க. நீங்க சொல்லுங்க. தினமும் வெளிய போறது இந்தத் தண்ணிதானா?"

மேனேஜர் இருமினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பது அந்த இருமலின் பொருள். கெமிஸ்ட் கதவு வழியே பார்த்தான். அக்கா இவன் பக்கம் பார்க்கவில்லை. மடியில் இருந்த கோட்டின் காலரைத் தேவையில்லாமல் நீவிக்கொண்டிருந்தாள். கைவிரல்கள் படிகாரத்திலும் பெராக்சைடிலும் வெடித்திருந்தன. அந்தக் கை ஆறு நாளாக விடியுமுன் சேறு வழித்த கை.

"இல்ல மேடம்," என்றான். "இது ட்ரம்ல செஞ்சது. ஆறு மாசமா தொட்டியில மருந்து போடலை. வாங்க, வெளிய போறதைக் காட்டறேன்."

மேசையில் அதிகாரி வைத்திருந்த இன்னொரு காலிச் சீசாவை அவனே எடுத்துக்கொண்டான். கழிவு நீர் வெளியேறும் வாய்க்கு இறங்கி, குனிந்து, அவனே நிரப்பினான். சீசா கறுப்பாகியது. நேரத்தையும் இடத்தையும் சீட்டில் எழுதி ஒட்டி, அதிகாரியிடம் நீட்டினான். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

அதிகாரி ட்ரம்மையும் குழாயையும் படம் எடுத்துக்கொண்டு, குழாயைப் பிடுங்கச் சொன்னார். "இந்த ட்ரம் தண்ணி எனக்கு வேண்டாம். என்ன வேணா பண்ணிக்கங்க."

"எனக்கு வேணும்," என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாற்பது விரிப்பு இருக்கு. நாளைக்குக் காலையில கொடுக்கணும். பெராக்சைடு தாராளமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

பொன்மீசையும் கெமிஸ்ட்டும் அடிப்படிவு கலங்காமல் மேல்தண்ணீரை மட்டும் கேன்களில் இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். மாமா இறங்காமலேயே உத்தரவு போட்டார். வழியில் அக்கா முன்சீட்டில், தம்பி பின்னால் கேன்களுக்கு நடுவில்.

"ஏண்டா சொல்லலை?"

"வேலை போயிடும்னு பயந்தேன்."

"யார் வேலை?"

அவன் ஒரு கேனை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாமாதான் கடைசியில் பேசினார். "ட்ரம்ல உக்கார வெக்கறேன்னு சொன்னே. கேன்கள் நடுவுலதான் இடம் கிடைச்சிருக்கு. பரவாயில்லையா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது கண்ணாடியில் தெரிந்தது. சிரிப்புத்தான்.

நாற்பது விரிப்புகளும் இரண்டு தவணையாக விருந்தாளித் தண்ணீரில் ஊறின. தெளியவைத்த கிணற்றுத் தண்ணீரில் மூன்று பேரும் அலசினார்கள். புதன்கிழமை காலை தலைமை நர்ஸ் எண்ணி வாங்கிக்கொண்டார். நாற்பதும் வெள்ளை.

கடைசி இரண்டு தொட்டிகளும் முறையாக ஓடும்வரை வடிப்பு நடக்கக்கூடாது என்று ஆலைக்கு உத்தரவு வந்தது. வேலை போய்விடும் என்று கெமிஸ்ட் தன் மேசையைக் காலி செய்து வைத்திருந்தான். ஆனால் முதலாளி வந்து விசாரித்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. தொட்டிகளை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். முழு மருந்து போட்டு, முழு நேரம் வைத்து, கஷாயத்தைத் தெளியவைக்கத் தெரிந்தவர்கள் அந்த ஆலையில் இரண்டே பேர். மாதாமாதம் ட்ரம்மில் பழகியவர்கள். மேனேஜர் மருந்து கேட்டு எழுதிய முதல் கடிதத்தில் அவருடைய கையெழுத்து மிகவும் அழகாக இருந்தது என்று பொன்மீசை எல்லோரிடமும் சொன்னார்.

வாய்க்கால் வெளிற இரண்டு மாதம் ஆனது. கிணறு இன்னும் பிடிவாதமாக இருந்தது, ஆனாலும் படிகாரம் நாலாவது டம்ளரிலிருந்து இரண்டாவது டம்ளருக்கு இறங்கிவிட்டது. மாமாவின் இடுப்பும் சரியாகிவிட்டது. இருந்தும் கோட்டு மூட்டையை இப்போது அக்காதான் கொண்டுபோனாள்.

ஒரு நாள் அவள் போனபோது விருந்தாளி ட்ரம் கவிழ்ந்து கிடந்தது. பொன்மீசை அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, துண்டால் தட்டி, உட்காரச் சொன்னார். கெமிஸ்ட் வெளியேறும் வாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து வந்தான்.

அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரிப்பைப் பார்க்கிற அதே பார்வை.

"லேசா மஞ்சளா இருக்கே. அன்னிக்கு ட்ரம்ல இருந்தது இதைவிடப் பளபளன்னு இருந்துச்சு."

"அது மாசத்துக்கு ஒரு ட்ரம் செஞ்சதுக்கா. இது தினமும் வர்றது. சட்டத்துல சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு. இன்னும் குறைக்கப் பார்க்கிறோம்."

அவள் குவளையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதுவே போதும்டா. விருந்தாளி மாசத்துல ஒரு நாள் வருவாரு, பார்ப்பாரு, போயிடுவாரு. வாய்க்கால் ஓரத்துல இருக்கிற நாங்க தினமும் இங்கேயேதான் இருக்கோம். அழுக்கை எடுக்கிற மருந்தும் உங்ககிட்ட இருந்துச்சு, படிப்பும் இருந்துச்சு. யாரும் பார்க்காத நாள்லயும் அதைப் போடணும்கிற எண்ணம்தான் இல்லாமப் போச்சு. அது இல்லாட்டி எத்தனை தொட்டி கட்டினாலும் வீண்தான்."

பொன்மீசை இரண்டு பக்க மீசையையும் தடவிக்கொண்டார். "நல்லா சொன்னீங்கம்மா. இதை ஒரு போர்டுல எழுதித் தொட்டிக்கு மேல மாட்டிடட்டுமா?"

"எழுதவெல்லாம் வேண்டாம்," என்றாள் அக்கா. "மருந்தைப் போடுங்க."

மணி பதினொன்றாகியிருந்தது. மருந்து போடுகிற நேரம்தான். இருவரும் படியேறித் தொட்டிப் பக்கம் போனார்கள்.